நண்பகலில் எடுத்த இரவு

அந்த வீட்டிலே சர்க்கரை என்று ஒரு பொருள் இல்லாமற்போய் ஈராண்டுகள் ஆகியிருந்தன; ஆயினும் எறும்புகள் வந்தன.

நீலாவதி அவற்றை முதன்முதலாகக் கண்டது ஒரு பிற்பகல், இரண்டு மணியளவில். ஜப்பானியர் ஆட்சியின் மூன்றாம் ஆண்டு அது. மலாயாவில் லிங்கி ஆற்றை ஒட்டிய அந்த ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோய், வெட்டுக்கத்தி பிடித்த கைகளெல்லாம் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தன. கொல்லையிலிருந்து திரும்பி, மண்வெட்டியைச் சுவரிற் சாத்திவிட்டு, சாக்குத்துணிப் பாவாடையில் ஒட்டிய சேற்றைத் தட்டியவாறே தொழிலாளர் லயத்து வீட்டினுள் நுழைய முற்பட்டவள், வாசற்படியின் குறுக்கே ஒரு கருஞ்சிவப்புக் கோடு கிடக்கக் கண்டு, தூக்கிய காலை அப்படியே நிறுத்திக்கொண்டாள். கோடு ஊர்ந்தது. லயத்துக்குப் பின்னே தொடங்கும் ரப்பர் மரங்களின் நிழலிலிருந்து அது புறப்பட்டு, முற்றத்து மண்ணை நேராகக் கடந்து, படியேறி, அறையின் மூலையிற் கிடந்த பலகைக் கட்டிலின் காலைப் பற்றி மேலே சென்றது. கட்டிலின்மேல் அவளுடைய இரண்டு வயது மகள் செல்லம் உறங்கிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டு மங்கம்மா, அப்போதுதான் அவளைக் கிடத்திவிட்டுப் போயிருந்தாள்.

நீலாவதி குழந்தையை வாரியெடுத்து உதறினாள். கடிபட்டதற்கான தடம் ஒன்றும் இல்லை. பின் குனிந்து பலகையை முகர்ந்தாள். குலா மலாக்கா என்னும் தென்னைவெல்லத்தைக் காய்ச்சிய பாகின் இனிப்பு. அதனோடு கலந்த கருங்காப்பியின் கசப்பு. அவ்விரண்டுக்கும் அடியில், மூக்கின் உட்புறத்தைச் சுரண்டுவதுபோல், ரப்பர்ப் பாலில் ஊற்றும் அமோனியாவின் நெடி. இம்மூன்றும் ஒருசேர மணந்த இடம் அவள் வாழ்வில் ஒன்றே ஒன்றுதான். அது மேட்டின்மேலுள்ள துரை பங்களா.

மூன்றாண்டுகளுக்கு முன், யுத்தம் இன்னும் வானொலிப் பெட்டிக்குள் மட்டும் நடந்துகொண்டிருந்த காலத்தில், சிங்கப்பூரிலிருந்து ஒரு படக்கம்பெனி இரண்டு லாரிகளில் வந்து அந்தப் பங்களாவில் இறங்கியது. துரை குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டபடியால் பங்களா வெறுமனே கிடந்தது. பாசி படர்ந்த தூண்களும், ஆற்றிலிருந்து விடியலில் ஏறிவரும் பனியும், சவப்பெட்டியில் உறங்கி இரத்தம் குடித்து வாழும் ஒரு ஜமீன்தாரின் கதைக்கு மிகப் பொருத்தமென்று டைரக்டர் ராமகிருஷ்ணன் எண்ணினார். பனி காலை எட்டு மணிக்கெல்லாம் கலைந்துவிடும் என்பதை அவர் எண்ணவில்லை. எனவே, ரப்பர் ஷீட்டுகளைப் புகையிட்டு உலர்த்தும் புகைக்கூடத்திற் பணிபுரிந்த சந்திரனை அழைத்துவரச் செய்து, பகல் முழுவதும் பனி உண்டாக்கித் தர முடியுமா என்று கேட்டார். பச்சை விறகும் தேங்காய் மட்டையும் சாம்பிராணியும் இருந்தால் இமயமலையையே கொண்டுவரலாம் என்றான் சந்திரன். அவன் நீலாவதியின் கணவன்.

அந்த மூன்று வாரங்களில் லயத்துச் சனம் கண்ட அதிசயங்கள் கொஞ்சமல்ல. படத்தில் சிவப்பு வெளிறிப்போகும் என்பதால், இரத்தத்துக்குக் குலா மலாக்காவைக் கருங்காப்பியோடு சேர்த்துப் பாகாகக் காய்ச்சினார்கள்; ஜமீன்தார் கடித்த கழுத்துகளையெல்லாம் எறும்பு மொய்த்தது. முந்நூறு வயதுக் கிழவனின் தோல் வேண்டுமென்று, மரத்திலிருந்து அப்போதுதான் வடித்த பாலை முகத்திற் பூசி, தோலை இழுத்துப் பிடித்து விசிறியால் உலர்த்தினார்கள். பிடியை விட்டதும் முகம் முழுவதும் சுருக்கம் விழுந்தது. இவை எல்லாவற்றினும் பெரிய அதிசயம் இரவு. இரவுக் காட்சிகளை அவர்கள் இரவில் எடுக்கவில்லை. அத்தனை வெளிச்சம் தரும் விளக்குகள் அவர்களிடம் இல்லை. உச்சி வெயில் சற்றே சாய்ந்த இரண்டு மணிக்கு, காமிராவின் கண்ணில் ஒரு நிறக்கண்ணாடியைப் பொருத்தி, வெயிலை நிலவாக்கி எடுத்தார்கள். காமிராக்காரர் குலாம் முகம்மதுவின் கழுத்தில், கறுப்புக் கயிற்றில், வெள்ளிக்காசு அளவில் ஒரு கருநீலக் கண்ணாடி வில்லை தொங்கும். அதைக் கண்ணிற் பொருத்தினால், பகல் படத்தில் எத்தகைய இரவாக விழும் என்று முன்கூட்டியே தெரியும். ஒருநாள் நீலாவதி ஆவலோடு நிற்பதைக் கண்டு அவர் அதைக் கொடுத்தார்.

"பாரும்மா. உங்க வெயிலெல்லாம் எங்களுக்கு ராத்திரிலா."

அவள் பார்த்தாள். உடல் சிலிர்த்தது. திருப்பிக் கொடுக்கவே மனமில்லை.

ஜமீன்தாராக நடித்தவர் மலேரியாவில் விழுந்தபோது, சவப்பெட்டியிற் படுக்க மட்டும் வேறோர் ஆள் தேவைப்பட்டது. உயரமும் தாடையும் ஒத்திருந்தபடியால் சந்திரனுக்கு அதே வேடமிட்டுப் படுக்க வைத்தார்கள். அருகிலிருந்து அழ வேண்டிய நடிகையோ, பொட்டை அழித்துக்கொண்டு பிணத்தின் அருகே உட்கார ஒரேயடியாக மறுத்துவிட்டாள். சுமங்கலிகள் எவரும் முன்வரவில்லை. நீலாவதி முன்வந்தாள். படத்திலே தன் முகம் விழும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. தன் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, உயிரோடிருந்த கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் ஒப்பாரி வைத்தபோது, வேடிக்கை பார்க்க வந்த மங்கம்மா நிஜமாகவே அழுதுவிட்டாள்.

உயிரோடிருப்பவனுக்கு ஒப்பாரி வைப்பதற்குப் பரிகாரம் உண்டு என்று டைரக்டர் முன்னமே சொல்லியிருந்தார். நாடகமேடைக் காலத்து வழக்கம் அது. பிணமாகக் கிடந்தவன் எழுந்து, அதே வேடத்தில், காமிராவைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். அழுதவள் அவன் கண்ணெதிரே பொட்டிட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் துண்டு படத்திற் சேராது. ஆயினும் பிலிமைச் செலவழித்து எடுத்தே தீர்வார்கள். சந்திரனுக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே: 'கட்' என்ற சொல் காதில் விழும்வரை இமைகூட அசையக்கூடாது.

டிசம்பர் எட்டாம் தேதி, இரண்டு மணி. சந்திரன் படுத்திருந்தான். நீலாவதி அழுதுகொண்டிருந்தாள். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி மேட்டிலே மூச்சிரைக்க ஓடிவந்து, சிங்கப்பூரில் குண்டு விழுந்துவிட்டதென்று சொன்னார். எல்லோருடைய மனைவி மக்களும் சிங்கப்பூரில் இருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வானொலிப் பெட்டியை நோக்கி ஓடினார்கள். சிரிக்கும் காட்சி என்னவாயிற்று என்று நீலாவதி கேட்டபோது, டைரக்டர் லாரியில் ஏறிக்கொண்டே, "நாளைக்கு எடுத்துக்கலாம்மா" என்றார். அவளும் கூட்டத்தோடு கூட்டமாக லயத்துக்கு ஓடினாள். வீட்டுக்கு வந்து, கண்ணாடித் துண்டைப் பார்த்துப் பொட்டிட்டுக்கொண்டாள். அதன் பின்னரே கணவனின் நினைவு வந்தது.

மறுபடியும் மேடேறியபோது மணி நான்கு. படியில் அந்தக் கருநீல வில்லை கயிறு அறுந்து கிடந்தது. எடுத்து மடியிற் செருகிக்கொண்டாள். உள்ளே, ஆளற்ற கூடத்தில், சந்திரன் பெட்டிக்குள் அப்படியே கிடந்தான். வாயோரத்துப் பாகில் எறும்புகள் மொய்த்திருந்தன. இமை அசையவில்லை.

"ஏங்க," என்றாள்.

"கட் சொல்லலயே," என்றான் அவன், உதடு பிரியாமல்.

அவள் சிரித்தாள். விளையாட இதுவா நேரம் என்று கடிந்து, கையைப் பற்றி இழுத்து எழுப்பிவிட்டாள். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை.

லயத்தில் அவனுக்கு 'கட் சொல்லாத பொணம்' என்றே பெயராயிற்று. அவனும் சளைக்கவில்லை. அடுத்த ஆண்டு குழந்தை பிறந்து, மரப்பலகைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பங்களாவிற் கிடந்த சவப்பெட்டியை உடைத்து அதன் அடிப்பலகையைத் தூக்கி வந்தான். பலகை பலகைதான் என்று சொல்லி, நான்கு கால் அடித்துச் செல்லத்துக்குக் கட்டிலாக்கினான். அதற்கடுத்த ஆண்டு, தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் ஜப்பானியர் பெயர் வாசித்துச் சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் ஏற்றினார்கள். லாரியின் பின்புறம் நின்றுகொண்டு, அவள் அழுவதைப் பார்த்து அவன் உரக்கச் சொன்னான்:

"என்னா புள்ள அழுவுற? நீ கட்டுன்னு சொல்லாம நான் எங்க போவப்போறேன்?"

லாரியிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டுகளாக ஒரு செய்தியும் இல்லை.

ஆகவே, எறும்புகளுக்குக் காரணம் உண்டென்று நீலாவதி தேற்றிக்கொண்டாள். மரத்தின் நரம்பிலே ஊறிய பழைய பாகு. இந்த ஈரக்காலத்தில் கசிகிறது போலும். வெந்நீர் காய்ச்சி ஊற்றிச் சாம்பலிட்டுத் தேய்த்தாள்; கட்டிலைக் கவிழ்த்து அடியிலும் தேய்த்தாள். பலகையின் அடிப்புறத்தில், கால்மாட்டிலும் தலைமாட்டிலும், சுண்ணக்கட்டியால் இட்ட இரண்டு கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. நடிகன் எழுந்துபோனாலும், திரும்பிவந்து அதே கோடுகளுக்குள் படுக்க வேண்டும். காட்சியை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று குலாம் முகம்மது சொன்னது நினைவுக்கு வந்தது. கட்டிலைச் சட்டென்று நிமிர்த்திப் போட்டாள்.

மறுநாளும் இரண்டு மணிக்கு எறும்புகள் வந்தன. பொழுது சாய்ந்ததும் போயின. இருட்டியபின் லயமே கதவடைத்துக்கொள்ளும். சயாமிற் செத்தவர்கள் இரவில் வீடு தேடி வருவார்கள் என்ற பேச்சு பரவியிருந்தபடியால், மங்கம்மா வாசலில் வேப்பிலையும் பழைய துடைப்பமும் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நீலாவதியின் வீட்டில் இரவுகள் அமைதியாகவே இருந்தன. அவள் பிற்பகலுக்கே அஞ்சத் தொடங்கியிருந்தாள்.

மூன்றாம் நாள் நல்லசாமி வந்தான். சந்திரனோடு ஒரே லாரியில் ஏறியவன். காலிற் புண் அழுகி, இனி உதவமாட்டான் என்று திருப்பியனுப்பப்பட்டவன். சுவரிற் சாய்ந்து உட்கார்ந்து, அவள் கொடுத்த அவித்த மரவள்ளியைத் தொடாமல், தன் கணுக்காலைப் பார்த்தவாறே பேசினான்.

"வாந்திபேதிக் கொட்டாயில வரிசையா படுக்கப் போட்டிருந்தாங்க, தங்கச்சி. நாந்தான் தூக்கிப் போடுற ஆளு. அவன் மல்லாக்கப் படுத்து, ரெண்டு கையையும் நெஞ்சுமேல வெச்சிருந்தான். மூச்சு இருக்கா இல்லயான்னே தெரியல. டேய், எழுந்திருடா, உசுரோட சேத்து எரிச்சிப்புடுவானுங்கன்னேன். ஒதடு மட்டும் லேசா ஆடிச்சு."

"என்ன சொன்னாங்க, அண்ணே?"

"அவ இன்னும் சொல்லலடான்னான். எனக்கு வெளங்கல. ஒனக்கு வெளங்குதா?"

அவள் எரித்தார்களா என்று மட்டும் கேட்டாள். எண்ணெய் ஊற்றியதைக் கண்டதாகவும், அதற்குமேல் பார்க்கத் தனக்குத் திராணியில்லை என்றும் நல்லசாமி சொன்னான். அவன் நொண்டிக்கொண்டு போன பிறகு, அவள் காலி அரிசித் தகரத்தின் அடியிலிருந்து துணிமுடிச்சை எடுத்து அவிழ்த்தாள். கருநீல வில்லை குளிர்ந்திருந்தது. வெளியே கண்கூசும் வெயில். எறும்புகள் கோடு கட்டத் தொடங்கியிருந்தன. வாசலில் நின்று வில்லையைக் கண்ணிற் பொருத்தினாள்.

இரவு வந்தது. வானம் மையாகக் கறுத்தது. கொடியிற் காய்ந்த சேலை நிலவொளியிற் போல் வெளுத்தது. நள்ளிரவு முற்றத்தில் இரண்டு கோழிகள் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. ரப்பர் மரங்களின் பட்டையிலிருந்த பழைய வெட்டுத் தழும்புகள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. முதல் வரிசையின் மூன்றாவது மரத்தடியில் ஓர் ஆள் மல்லாந்து படுத்திருந்தான். கைகள் நெஞ்சின்மேல். உள்ளங்கால்கள் இரண்டும் அவள் வீட்டை நோக்கி.

வில்லையை இறக்கினாள். வெயில். சருகு. கோழிகள்.

ஏற்றினாள். படுத்திருந்தான்.

அவள் கதறவில்லை. நெஞ்சில் முதலில் எழுந்தது அச்சமன்று. வந்துவிட்டார் என்பதே. அச்சம் அதன்பின், மெதுவாக, எறும்பு ஏறுவதைப்போல் ஏறியது.

மறுநாள் அவன் முற்றத்தின் நடுவே இருந்தான். அவன் நடந்து வந்ததை அவள் காணவில்லை. கையும் காலும் நேற்றிருந்தவாறே இருந்தன. இடம் மட்டும் மாறியிருந்தது. அதற்கு மறுநாள், துவைக்கும் கல்லின் அருகில். கொடியிற் கிடந்த சேலையின் நிழல் அவன்மீது விழுந்து விழுந்து விலகியது. அவள் வில்லையைக் கண்ணிலிருந்து எடுக்காமலே வாசலில் உட்கார்ந்து, மழையில்லாததையும், குழந்தைக்குக் கடைவாய்ப்பல் முளைப்பதையும், மங்கம்மாவின் ஏச்சையும் அவனுக்குச் சொன்னாள். ஒன்றரை ஆண்டுகளாகச் சொல்வதற்கு ஆளின்றிக் கிடந்த சொற்கள். அவன் நன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் அசையாமற் கிடந்தான்.

'கட்' என்று சொன்னால் போதும். அதை அவள் அறிந்திருந்தாள். சொன்னால் அவன் வேடம் கலைந்துவிடும். வேடம் கலைந்தால் எஞ்சுவது என்ன? சயாமில், எண்ணெய் ஊற்றிய ஒரு வரிசை. சொல்லாதவரை அவன் சாகவில்லை. ஆனால் சொல்லாதவரை அவன் சந்திரனாகவும் இல்லை. பெட்டியிற் கிடந்த அந்த ஜமீன்தாராகவே இருக்கிறான். இதையும் அவள் அறிந்திருந்தாள். அறிந்தும், நாவின் நுனிவரை வந்த சொல்லை ஒவ்வொரு நாளும் விழுங்கினாள்.

செல்லம் வெளுக்கத் தொடங்கினாள். இமையின் உட்புறம் பழைய துணிபோலாயிற்று. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸர், எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுதான், பசியும் கொக்கிப்புழுவும் என்று சொல்லி, கசப்புக் கீரையை அவித்துக் கொடுக்கச் சொன்னார். காதுக்குக் கீழே இரண்டு சிறு புள்ளிகள் தெரிந்தன. எறும்புக்கடி என்றார். அன்று பிற்பகல் குழந்தை உறங்கும் விதத்தைக் கண்டு நீலாவதி திகைத்து நின்றாள். எப்போதும் ஒருக்களித்து, கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு உறங்குபவள், மல்லாந்து, இரு கைகளையும் நெஞ்சின்மேல் வைத்து, கால்களை நீட்டிக் கிடந்தாள். அவளுக்கு அப்படிப் படுக்க எவரும் கற்றுக்கொடுத்ததில்லை.

குழந்தையை இனிமேல் அந்தப் பலகையிற் கிடத்தவேண்டாம் என்று மங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்.

"எறும்புக்குப் பயந்து எவளாச்சும் கட்டில மாத்துவாளா?" என்றாள் மங்கம்மா. "சயாமுக்கே போயிட்டு வந்தவ மாதிரியில்ல மூஞ்சிய வெச்சிருக்கற. சரிலா, பாயில போடுறேன்."

ஆறாம் நாள் அவன் வாசற்படிக்கு வந்திருந்தான். உள்ளங்கால்கள் படியைத் தொட்டன. நீலாவதி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, இன்று சொல்லியே தீர்வது என்ற உறுதியோடு வில்லையை ஏற்றினாள். இவ்வளவு அருகில் முகம் முழுமையாகத் தெரிந்தது. காய்ந்த பாலின் சுருக்கங்கள். வாயோரத்தில் கறுத்த பாகு. ஆயினும் அந்தச் சுருக்கங்களின் அடியில் அவள் அறிந்த நெற்றி. அவள் அறிந்த தாடை. இடப்புருவத்தில், புகைக்கூடத்துக் கதவு இடித்த தழும்பு. அந்தத் தழும்பை அவள் மறந்திருந்தாள். எப்படி மறந்தாள்? வாயைத் திறந்தாள். சொல் நாவின்மேல் இருந்தது. இன்னும் ஒரே ஒருமுறை, ஒரே ஒருநாள், இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டால் என்ன?

"நாளைக்கு," என்றாள் அவள், மிக மெல்ல. "நாளைக்குச் சொல்றேங்க."

சொன்ன பிறகே, அச்சொல்லை முன்னர் யார் சொன்னார் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் கொல்லையைப் பார்வையிட ஜப்பானிய அதிகாரி வந்தான். வேலையை மேற்பார்க்கும் மண்டோர், எவரையும் வீட்டுக்கு விடவில்லை. வரிசையில் நிற்கவைத்து, குனிந்து வணங்கச் செய்து, மறுபடியும் நிற்கவைத்தார். நீலாவதி தலையைக் கவிழ்த்துத் தன் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் காலடியில் ஒட்டியிருந்தது. பின் ஒரு விரற்கடை நீண்டது. பின் ஒரு சாண்.

விட்டதும் ஓடினாள்.

லயம் அரவமின்றிக் கிடந்தது. மங்கம்மா தன் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "பாயில படுக்க மாட்டேன்னு ஒரே அழுகை," என்றாள் நிமிராமலே. "அந்தப் பலகையிலதான் போடணுமாம். போட்ட ஒடனே தூங்கிருச்சு."

முற்றத்தில் எறும்புகள் இல்லை.

படியிலும் இல்லை.

வீட்டுக்குள் அந்த வாடை நிறைந்திருந்தது. இனிப்பு. கசப்பு. அமோனியா. மடியில் வில்லையைத் துழாவினாள். எடுத்தாள். வாசலை நோக்கிப் பிடித்தாள். படி வெறுமையாக இருந்தது. முற்றம் வெறுமையாக இருந்தது. மரங்களடியில் எவரும் இல்லை.

மெதுவாக வீட்டுக்குள் திருப்பினாள்.

இருட்டு. இருட்டின் மூலையிற் கட்டில். கட்டிலில் அவன். தலை தலைமாட்டுக் கோட்டில்; பாதம் கால்மாட்டுக் கோட்டில். மிகச் சரியாக. அவன் நெஞ்சின்மேல் செல்லம், முகத்தைக் கவிழ்த்து.

"கட்."

குரல் வெளிவரவில்லை. மறுபடியும்.

"கட்."

அவன் இமைகள் திறந்தன. இரண்டு மணிநேரமன்று, மூன்றாண்டுகள் படுத்திருந்தவனின் சோம்பலோடு, குழந்தையை மெல்ல நகர்த்திவிட்டு எழுந்து உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான். அவளை அறிந்துகொண்டான். அந்தப் பார்வையில் சந்திரன் இருந்தான். சந்திரனைத் தவிர வேறெவரும் இல்லை. டைரக்டர் எடுக்காமல் விட்ட அந்தச் சிரிப்பை, வழக்கப்படி, அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரித்தான். வாய்விட்டு. ஒலியின்றி. வாய் முழுவதும் கறுப்பாக இருந்தது. பாகு, என்று நினைத்தாள். பாகுதான். கண்ணாடியில் எல்லாம் கறுப்பாகத்தானே தெரியும். சிரித்துக்கொண்டே, தன் உதட்டிலிருந்ததை விரலால் தொட்டான். விரலைப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அவளிடம் ஏதோ கேட்க வாயெடுத்தான்.

கேட்பதற்குள் இல்லாமற்போனான்.

வில்லையை இறக்கினாள். பிற்பகல் வெயில் ஓட்டை விழுந்த கூரையின் வழியே காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. கட்டிலின்மேல் செல்லம் மல்லாந்து கிடந்தாள். கைகள் நெஞ்சின்மேல். காதுக்குக் கீழிருந்து ஓர் எறும்பு வரிசை கீழிறங்கி, பலகையின் காலைப் பற்றி, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கட்," என்றாள் நீலாவதி.

அருகே சென்று முழந்தாளிட்டாள்.

"கட்டு, கண்ணு. அம்மா சொல்லிட்டேன்ல. எழுந்திரு."

குழந்தை மிக நன்றாக நடித்தது. இமைகூட அசையவில்லை.

"செல்லம். கட்."

அடுத்த வீட்டில் மங்கம்மா கீரை ஆயும் ஒலி. கோழி ஒன்று படிவரை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நீலாவதி, வேறொன்றும் செய்யத் தோன்றாமல், வில்லையை எடுத்து ஈரமான கண்ணிற் பொருத்தினாள்.

இருட்டு வந்தது. அந்த இருட்டில், கட்டிலின்மேல், செல்லம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெளுத்த கால்களைப் பலகையின் விளிம்பில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் ஒரு சிறு கறுப்புக் கோடு. இரு கைகளையும், தூக்கச் சொல்லி, நீட்டினாள்.

நீலாவதி வில்லையை இறக்கவில்லை. ஒரு கையால் அதைக் கண்ணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி, நெஞ்சோடு சேர்த்து அவளை வாரிக்கொண்டாள். குளிர்ந்த சிறு முகம் அவள் கழுத்தில், காதுக்குக் கீழே, இடம் தேடி அமர்ந்தது. பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல்லை இனி அவள் சொல்வதாயில்லை.